செக்ரட்டரி நடந்தே வந்தார்

பசுந்தாங் தமிழ் சைக்கிள் சங்கத்தின் செக்ரட்டரி சபாபதிக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. இது ரங்கூனில் இரண்டே பேருக்குத்தான் தெரியும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். ஒருவர் அவர், இன்னொருவர் அவர் மனைவி அம்சவேணி.

இதற்கு அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், பீர் முகைதீனின் சைக்கிள் ரிப்பேர்க் கடை வாசலில் பத்தொன்பது பேர் கூடிச் சங்கம் ஆரம்பித்தபோது, நம்மவர்கள் வழக்கப்படி சைக்கிளைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் மினிட்ஸ் புத்தகத்தைப் பற்றி யோசித்தார்கள். முனிசிபாலிட்டியில் தண்ணீர்க் குழாய் ஓவர்சீயராக இருந்த சுப்பிரமணியம் பிரசிடெண்ட் ஆனார். அடுத்தபடியாக, "இங்கிலீஷ் கையெழுத்து யாருக்கு அழகா இருக்கும்?" என்று ஒரு கேள்வி எழுந்தது. எல்லாரும் சபாபதியைக் கைகாட்டினார்கள். சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் உண்மையைச் சொல்லியிருப்பார். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் குமாஸ்தாக்களுக்குக் கிடையாது.

பசுந்தாங் கால்வாய் ஓரத்து அரிசி மில் ஒன்றில் அவர் மூன்றாவது கிராணி, அதாவது மூன்றாம் குமாஸ்தா. பெரிய கிராணி அவரை "ஏய் மூணு" என்றுதான் கூப்பிடுவார். நெல் படகுகள் வந்து நெருக்குகிற மாதங்களில் பொழுது விடிந்ததிலிருந்து மூட்டை எண்ணி, உமித்தூள் காதிலும் மூக்கிலும் ஏறி, வீட்டுக்கு வரும்போது அவர் புருவம்கூட மஞ்சளாக இருக்கும். பதினோரு வருஷமாக இதே கதைதான். உலகத்தில் அவரைச் 'சார்' என்று கூப்பிடுகிற இடம் சைக்கிள் சங்கம் ஒன்றுதான். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் எதையும் செய்யத் தயாராக இருந்தார், சைக்கிள் ஓட்டுவதைத் தவிர.

மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை சங்கம் வெளியூர்ச் சவாரி போகும். காலையில் கிளம்பி எட்டு மைல், பத்து மைல் மிதித்து, ஒரு கள்ளுக்கடையில் இறங்கிச் சாப்பிட்டு, மரத்தடியில் படுத்து எழுந்து, வெயில் தாழத் திரும்புவார்கள். சபாபதி மட்டும் அவர்களுக்கு முன்னாலேயே, சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று, முதல் ரயிலில் போய்விடுவார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பசுந்தாங் ஸ்டேஷனுக்குப் போய், ரயிலின் கடைசியில் இருக்கும் கார்டு வண்டியில் ஏற்றி, அங்கே இறக்கி, கள்ளுக்கடைவரை தள்ளி, சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கால்சட்டையில் கிளிப்பை மாட்டிக்கொண்டு நிற்பார். மற்றவர்கள் வியர்த்து விறுவிறுத்து வந்து சேரும்போது "என்ன, இவ்வளவு நேரமா?" என்று கேட்பார். திரும்பும்போது, பாத்திரம் பண்டத்தை ஒப்படைத்துவிட்டு வருகிறேன் என்று பின்தங்கிக் கடைசி ரயிலைப் பிடிப்பார். இரண்டு வருஷமாகச் சங்கம் போன ஊரெல்லாம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே அமைந்திருந்தன. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. மறுநாள் மினிட்ஸ் புத்தகத்தில், "அங்கத்தினர் அனைவரும் சைக்கிளில் சென்று திரும்பினர். விபத்து எதுவும் இல்லை" என்று தன் முத்து முத்தான இங்கிலீஷில் எழுதி முடிப்பார்.

ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரசிடெண்ட் சுப்பிரமணியம் சுத்த சைவம். கள்ளு மட்டும் குடிப்பார். "மரத்துலேருந்து எறங்குறது சைவந்தானே" என்பது அவர் கட்சி. பீர் முகைதீன் கள்ளைத் தொடமாட்டார்; கோழியை யார் அறுத்தார்கள் என்று தெரியாத இடத்தில் மீனும் டீயும்தான். துறைமுக ஆபீஸ் குமாஸ்தா சிலுவைமுத்துவுக்குத் தவக்காலத்தில் கறி ஆகாது, மீன் ஆகும். ஒருவருக்குக் கத்தரிக்காய் சொறி, இன்னொருவருக்குக் காரம் அல்சர். இத்தனையும் சபாபதியின் மண்டைக்குள் இருந்தது. போன வருஷம் அவருக்குக் காய்ச்சல் வந்தபோது சிலுவைமுத்து ஏற்பாடு செய்தார். பிரசிடெண்டின் சாம்பாரில் ஆட்டு எலும்பு கிடந்தது. மனிதர் ஒரு வாரம் வீட்டில்கூடச் சாப்பிடவில்லை.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டாம் வருஷம் மார்ச் மாதம் மண் விழுந்தது. இரண்டாவது ஆண்டு விழாச் சவாரி பத்து மைல் தள்ளியிருக்கும் இன்செயினில் பவுனம்மாள் கள்ளுக்கடைக்கு என்று முடிவாகியிருந்தது. அங்கே சாப்பாட்டுக்குப் பிறகு புது செக்ரட்டரி தேர்தல். அந்தப் பதவிமேல் சிலுவைமுத்துவுக்கு ஒரு கண் உண்டு. அவர் மிஷன் பள்ளியில் படித்தவர். சபாபதிக்குக் கையெழுத்துத்தான் அழகு, இலக்கணம் தனக்குத்தான் அழகு என்று சொல்லித் திரிகிறவர். இதெல்லாம் போதாதென்று, சவாரிக்கு முந்தின புதன்கிழமை பீர் முகைதீன் கடையில் பிரசிடெண்ட் ஒரு செய்தி சொன்னார்.

"ஞாயித்துக்கெழம காலையில இன்செயின் பக்கம் ரயில் கெடையாது. தண்டவாளத்துல வேல நடக்குதாம். சாயங்காலம் நாலு மணி வண்டியிலேருந்துதான் ஓடுமாம்."

சபாபதி பக்கத்திலிருந்த சைக்கிளின் மணியைத் துடைத்தார்.

"அதுக்கென்னங்கய்யா," என்றார் சிலுவைமுத்து. "செக்ரட்டரி சாரும் நம்ம கூடவே ஓட்டிக்கிட்டு வரட்டும். ரெண்டு வருஷத்துல அவரு ஓட்டி நாம பாத்ததே இல்லையே."

"முன்னாலயே போயிடுறேன்ல, எப்பிடிப் பாப்பீங்க," என்றார் சபாபதி. தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

பீர் முகைதீன் ஒரு டயரைப் பிதுக்கிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். பிறகு மறுபடி டயரைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து சபாபதி தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அம்சவேணி மாடி வராந்தாவில், சைக்கிளின் கைப்பிடியில் ஈரத்துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சைக்கிளின் முக்கிய வேலையே அதுதான்.

"காச்சல்னு படுத்துக்குங்க," என்றாள்.

"போன தடவ காச்சலுக்குப் பதினெட்டுப் பேரும் வந்து கட்டிலச் சுத்தி நின்னாங்க. மாடிப்படிப் பலகை ரெண்டு ஒடிஞ்சுது. மறந்துட்டியா?"

"அப்ப தெரியாதுன்னு சொல்லிருங்க."

"ரெண்டு வருஷம் கழிச்சா? அந்தப் புஸ்தகத்துல இருபத்திமூணு தடவ என் கையாலயே எழுதியிருக்கேன், எல்லாரும் ஓட்டிக்கிட்டுப் போனோம்னு. சிலுவமுத்து அதத் தூக்கிக்கிட்டுத் தெருத் தெருவாப் போவாரு."

"போனாப் போறாரு. ஒங்களுக்கு அந்த வேல இல்லாட்டி என்ன?"

சபாபதி தலையிலிருந்து கையை எடுத்தார். "மில்லுல என்னை எப்பிடிக் கூப்புடுறாங்கன்னு ஒனக்குத் தெரியுமில்ல," என்றார்.

அம்சவேணிக்குத் தெரியும். ஒரு நாள் சோறு கொண்டுபோனபோது அவள் காதாலேயே கேட்டிருக்கிறாள். ஈரத்துணிகளை ஒவ்வொன்றாகச் சைக்கிளிலிருந்து எடுத்தாள்.

"நாளைக்கு விடியக்காலம் கெளம்புங்க. நான் பிடிச்சுக்கிறேன். எதுத்த வீட்டு மா தெய்ன் சைக்கிள்லயே போயி ஊருக்கெல்லாம் பிரசவம் பாக்குது. ஒங்களால முடியாதா?"

மில்லுக்குப் பின்னால் புழுங்கல் நெல் காயப்போடும் சிமெண்டுக் களம் இருந்தது. சங்கு ஊதுவதற்கு முன் அங்கே ஈ காக்கை இருக்காது. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் புருஷனும் பெண்சாதியும் அங்கே போனார்கள். அம்சவேணி பின் காரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள். சபாபதி "விட்டுடாத, விட்டுடாத" என்று சொல்லிக்கொண்டே விழுவார். அவள் விடாமலே விழுந்தார். அது தனித் திறமை. வியாழனன்று ஒன்பது தடவை, வெள்ளியன்று பதினொரு தடவை. இடதுபக்கம் ஒரு முருங்கை மரம் இருந்தது. களம் அவ்வளவு அகலமாக இருந்தும் அவர் சைக்கிள் அந்த மரத்தைத் தேடிப் போயிற்று.

"முன்னால பாருங்கன்னா மரத்தப் பாக்குறீங்க. மிதிங்கன்னா நிறுத்துறீங்க. இங்க குடுங்க இத," என்று சனிக்கிழமை அம்சவேணி சைக்கிளை வாங்கினாள். புடவையைத் தார்ப்பாய்ச்சாகச் செருகிக்கொண்டு, நடுக்கம்பிக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டாள். "இப்பிடித்தானங்க" என்று சொல்லிக்கொண்டே களத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். முருங்கை மரத்தைச் சுற்றி இன்னொரு வட்டம் போட்டுவிட்டு இறங்கினாள்.

சபாபதி வாயைத் திறந்தபடி நின்றார்.

"எப்பக் கத்துக்கிட்ட?"

"மூணு நாளா ஒங்க பின்னால ஓடி ஓடிப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

"யார்கிட்டயும் சொல்லாத," என்றார் சபாபதி. சொன்ன பிறகு, எதைச் சொல்லாதே என்றோம் என்று அவருக்கே தெரியவில்லை.

அன்றே அவள் இன்னொன்றும் கேட்டாள். "சாப்பாட்டுக்குப் பவுனம்மாள்கிட்ட யாரு சொன்னது?"

"தபால் கார்டு போட்டுட்டேன். எல்லா விவரமும் எழுதியிருக்கேன். சைவம் ஒண்ணு, மீன் நாலு, கோழி பதினாலு."

"இங்கிலீஷ்லயா?"

"சங்கத்துக் கடுதாசி இங்கிலீஷ்லதான போகணும்."

பவுனம்மாளுக்குத் தமிழே எழுதப் படிக்கத் தெரியாது. அம்சவேணி அவரை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். சபாபதி அந்த நேரத்தில் முழங்கைச் சிராய்ப்புக்கு எச்சில் தடவிக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

ஞாயிறு காலை ஆறரை மணிக்குப் பத்தொன்பது சைக்கிள்களும் பீர் முகைதீன் கடை முன்னால் வரிசையாக நின்றன. பிரசிடெண்ட் கையை உயர்த்தினார். எல்லாரும் ஏறினார்கள். சபாபதி மட்டும் குனிந்து பின் சக்கரத்தைப் பார்த்தார்.

"பஞ்சர்," என்றார்.

பஞ்சர்தான். அம்சவேணியின் கொண்டை ஊசியால் அவரே குத்தியது. "நீங்கல்லாம் போங்க, நான் ஒட்டிக்கிட்டு வந்து சேந்துடுறேன்."

பீர் முகைதீன் இறங்கி வந்தார். டியூபைப் பிதுக்கி, தண்ணீரில் முக்கி, ரப்பர் துண்டு ஒட்டி, காற்றடித்து முடிக்க ஒரு பீடி பிடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. "ஏறுங்க சார்," என்றார்.

சபாபதி சைக்கிளைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். "முன்னாலயும் காத்து எறங்குதே," என்றார்.

முன்னாலும் இறங்கியது. பீர் முகைதீன் அதையும் ஒட்டினார். ஒட்டிவிட்டு, "சார், ரெண்டுலயும் ஓட்டை ஒரே அளவா இருக்கு. ஆணி இல்ல, ஊசி மாதிரி," என்று சாதாரணமாகச் சொன்னார்.

சபாபதிக்கு வேறு வழி இல்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "காலு சுளுக்கிக்கிச்சு. மிதிக்க முடியாது போலருக்கு. நான் தள்ளிக்கிட்டே வர்றேன். நீங்க முன்னால போங்க, சாப்பிடுங்க, எனக்காகக் காத்திருக்க வேணாம்."

அப்போதுதான் சிலுவைமுத்து தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அது எப்பிடிங்க முடியும்? ரூல் ஏழு இருக்கே."

சங்கத்துக்குப் பன்னிரண்டு ரூல். பன்னிரண்டும் சபாபதி எழுதியது. ஆறாவதுவரை எழுதியபோது சங்கம் ஏதோ காய்கறிக் கடை மாதிரித் தோன்றவே, கொஞ்சம் உயர்வாக ஏதாவது வேண்டும் என்று ஏழாவதை எழுதினார். சவாரியின்போது எந்த அங்கத்தினராவது எந்தக் காரணத்தாலாவது இறங்கி நடக்க நேர்ந்தால், அங்கத்தினர் அனைவரும் இறங்கி அவரோடு நடக்க வேண்டும். எழுதும்போது அவருக்கே கண் கலங்கியது. தான் எப்போதும் ரயிலில் போகிறவர் என்பதால் அது தன்னைத் தொடும் என்று நினைக்கவில்லை.

"ரூல் ரூலுதான்," என்றார் பிரசிடெண்ட். பதினெட்டுப் பேரும் இறங்கினார்கள்.

பங்குனி வெயில் ரங்கூனில் ஏழு மணிக்கே முதுகைச் சுடத் தொடங்கிவிடும். பத்தொன்பது பேர் பத்தொன்பது நல்ல சைக்கிள்களை உருட்டிக்கொண்டு ஊர் நடுவே போனார்கள். பகோடாவுக்குப் பூக்கூடையோடு போய்க்கொண்டிருந்த பர்மாக்காரப் பெண்கள் நின்று பார்த்தார்கள். ஒரு கிழவர் தன் சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு, இத்தனையும் பஞ்சரா என்று பர்மிய பாஷையில் கேட்டார். இல்லை என்றார் பிரசிடெண்ட். பிறகு ஏன் என்றார் கிழவர். சங்கம் என்றார் பிரசிடெண்ட். கிழவர் மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போனார்.

மூன்றாவது மைலில் முணுமுணுப்பு ஆரம்பித்தது. நான்காவது மைலில் ஒருவருக்குச் செருப்பு அறுந்தது. சபாபதி நொண்ட வேண்டும் என்பதை அடிக்கடி மறந்தார். ஞாபகம் வந்தபோதெல்லாம் கால் மாறியது.

"இப்ப எந்தக் கால் சார்?" என்று சிலுவைமுத்து அக்கறையாக விசாரித்தார்.

"ரெண்டும்."

பெரிய ஏரியைத் தாண்டும்போதுதான் சபாபதிக்கு அந்தக் கார்டு ஞாபகம் வந்தது. இங்கிலீஷ் கார்டு. பவுனம்மாள் அதை என்ன செய்திருப்பாள்? இந்தப் பட்டாளம் பசியோடு போய் இறங்கும்போது அங்கே கள்ளும் சுண்டலும்தான் இருக்கும். சைவம் இல்லை, மீன் இல்லை. சைக்கிள் ஓட்டத் தெரியாவிட்டாலும் சாப்பாடாவது போடத் தெரிந்தவன் என்ற பெயர் இருந்தது. அதுவும் இன்று போகிறது. மனிதருக்கு உண்மையிலேயே கால் வலிக்கத் தொடங்கியது.

அந்தச் சமயத்தில் பின்னாலிருந்து மணிச் சத்தம் கேட்டது. எல்லாரும் ஒதுங்கினார்கள். பச்சைத் தமெய்ன் லுங்கியும் வெள்ளை ரவிக்கையும் உடுத்தி, கொண்டையில் பூவைத்து, பர்மாப் பெண்கள் கட்டுகிற மாதிரி முகத்தில் வெயிலுக்குத் துண்டு சுற்றிய ஒரு பெண், நடுக்கம்பி இல்லாத பெண்பிள்ளைச் சைக்கிளில் அவர்களைக் கடந்து போனாள். கொஞ்சம் ஆட்டம் இருந்தது. ஆனாலும் வேகம் இருந்தது.

"பாருங்க," என்றார் சிலுவைமுத்து. "பர்மாக்காரப் பொம்பள எவ்வளவு லட்சணமா ஓட்டுது. நம்ம வீட்டுப் பொம்பளைங்க இப்பிடி வருமா?"

சபாபதி சைக்கிளைப் பார்த்தார். அது மா தெய்னின் சைக்கிள். பெடலை மிதித்த காலைப் பார்த்தார். இரண்டாவது விரலில் வெள்ளி மெட்டி மின்னியது. பர்மாக்காரப் பெண் எவளும் மெட்டி போடுவதில்லை. அவர் சட்டென்று தலையைக் குனிந்து சாலையில் கற்களை எண்ண ஆரம்பித்தார். பக்கத்தில் பீர் முகைதீனும் அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டு அவரும் கற்களை எண்ணினார்.

இன்செயின் கள்ளுக்கடைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆட்கள் முன்கட்டில் பாளைக்கள்ளை மூங்கில் குவளையில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். பின்கட்டில் மாமரத்தடியில் பாய் விரித்து, பத்தொன்பது வாழையிலை போட்டு, தண்ணீர் தெளித்து வைத்திருந்தது. பவுனம்மாள் கரண்டியோடு வந்தாள். கனத்த உடம்பு, கனத்த குரல்.

"வாங்க வாங்க. ஒண்ணரைக்குத்தான் வருவீங்கன்னு சொல்லிச்சு, சரியா வந்துட்டீங்க. சைவ ஐயா யாரு? இந்த ஓரத்து இலை. வேற கரண்டி, வேற சட்டி, நானே தனியாக் காச்சுனேன், சுரைக்காய்க் கூட்டும் பருப்பும். மீன்காரவுக நாலு பேரு இந்தப் பக்கம். பாய்க்கு டீ கொதிச்சுக்கிட்டிருக்கு. கத்தரிக்காய் சேராதவரு யாருங்க? ஒங்களுக்குப் போடல. காரம் ஆகாதவருக்கு மோர்."

எல்லாரும் உட்கார்ந்தார்கள். நெத்திலிக் குழம்பும், கோழி வறுவலும், குளிர்ந்த பானையிலிருந்து கள்ளும் வந்தன. பத்து மைல் நடந்த பசி. அரைமணி நேரம் இலையைத் தவிர எதையும் யாரும் பார்க்கவில்லை.

பிரசிடெண்ட் இரண்டாவது குவளையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "செக்ரட்டரி சார், கார்டு போட்டிருந்தீங்களோ?"

"கார்டா?" என்றாள் பவுனம்மாள். "அது இங்கிலீசுல வந்துச்சு. ஏதோ சர்க்கார் கடுதாசின்னு பயந்துபோயி முருகன் படத்துக்குப் பின்னால சொருகி வச்சேன். சாப்பாடு சொன்னது ஒங்க செக்ரட்டரி வீட்டம்மால்ல. பதினோரு மணிக்குச் சைக்கிள்ல வந்து எறங்குச்சு. தமெய்ன் கட்டியிருந்துச்சா, நான் பர்மாக்காரியாக்கும்னு பர்மாப் பேச்சுப் பேசுறேன், அது தமிழ்ல பதில் சொல்லுது. யாரு யாரு என்ன திம்பாங்கன்னு ஒரு மூச்சுல ஒப்பிச்சுச்சு. கூட நின்னு மீன ஆஞ்சு குடுத்துட்டு, ஒரு செம்புத் தண்ணி குடிச்சுட்டுப் பன்னெண்டரைக்குத் திரும்பிப் போயிருச்சு. புரோம் ரோட்டுல போனா நீங்க பாத்துருவீங்கன்னு கமாயுட் சந்து வழியாப் போறேன்னுச்சு."

மாமரத்தடியில் எல்லாக் கைகளும் இலைமேல் நின்றன. முன்கட்டில் யாரோ ஒர்க்‌ஷாப் ஆள் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"சபாபதி சார்," என்றார் பிரசிடெண்ட், மிகவும் பதவிசாக. "ஒங்க வீட்டுல சைக்கிள் ஓட்டுறது யாருங்க?"

சபாபதி எழுந்து நின்றார். கையில் இன்னும் குழம்பு இருந்தது. பொய் சொல்ல இனி ஊசியும் இல்லை, கால்வலியும் இல்லை. "அவதான்," என்றார். "எனக்கு ஓட்டத் தெரியாது. ரெண்டு வருஷமாத் தெரியாது. இருபத்திமூணு தடவ பொய்யா எழுதியிருக்கேன். புஸ்தகத்தச் சிலுவமுத்து சார்கிட்டக் குடுத்துடுறேன்."

"ஒக்காருங்க சார், சோறு ஆறுது," என்றார் பீர் முகைதீன். "ஒங்க டயர மொத மாசமே பாத்தேன். புது டயர்ல ரப்பர் முள்ளு இருக்கும். ஓட்டுனா ஒரு வாரத்துல தேஞ்சுடும். ஒங்களுது ரெண்டு வருஷமா அப்பிடியே இருக்கு. என்கிட்டப் பஞ்சருக்கு வராத ஒரே மெம்பர் நீங்கதான். இன்னிக்குத்தான் வந்தீங்க, அதுவும் ரெண்டா."

சபாபதி பிரசிடெண்டைப் பார்த்தார்.

"பாய் மொத மாசமே எங்கிட்டச் சொல்லிட்டாரு," என்றார் சுப்பிரமணியம்.

சிலுவைமுத்துவைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் தெரியும் சார்," என்றார் சிலுவைமுத்து. "இன்னிக்கு நீங்க எத்தனாவது மைல்ல ஒத்துக்குவீங்கன்னு எனக்கும் பிரசிடெண்ட் ஐயாவுக்கும் பந்தயம். நான் மூணுன்னு சொன்னேன், ஐயா அஞ்சுன்னாரு. ரெண்டு பேரும் தோத்தோம். பத்து மைல் நடப்பீங்கன்னு எவன் கண்டான்."

"தெரிஞ்சுமா நடந்தீங்க?"

"ரூல் ஏழு," என்றார் பிரசிடெண்ட்.

"அப்ப ரெண்டு வருஷமா ஏன் யாரும் கேக்கல?"

பிரசிடெண்ட் தன் இலையில் மிச்சமிருந்த சுரைக்காய்க் கூட்டை விரலால் கூட்டிச் சேர்த்தார். "சைக்கிள் ஓட்டத் தெரிஞ்சவன் ரங்கூன்ல தெருவுக்கு நூறு பேரு. எனக்கு எலும்பு இல்லாத சாம்பார் வேணும்னு எவனுக்கு ஞாபகம் இருக்கு? கேட்டா நீங்க வராம இருந்துருவீங்க. அதான் கேக்கல."

தேர்தல் சீக்கிரம் முடிந்தது. சிலுவைமுத்து, தனக்குப் பதவி வேண்டாம் என்றார். சாம்பார் விஷயத்தை மறுபடி யாரும் எடுக்காமல் இருந்தால் போதும் என்றார். சபாபதியே செக்ரட்டரி. ஒரே ஒரு நிபந்தனை: இனி கார்டைத் தமிழில் எழுதி, கூடவே ஆளையும் அனுப்ப வேண்டும். எந்த ஆள் என்று பிரசிடெண்ட் சொல்லவில்லை. சபாபதியும் கேட்கவில்லை.

நாலு மணி ரயில் ஓடியது. மறுபடி பத்து மைல் நடக்க யாருக்கும் காலில்லை. ரூல் ஏழில் ரயிலைப் பற்றி எதுவும் இல்லை என்று சிலுவைமுத்து இலக்கண சுத்தமாக எடுத்துக்காட்டவே, பத்தொன்பது சைக்கிள்களும் கார்டு வண்டியில் ஏறின. எதை எங்கே வைப்பது, கார்டிடம் எப்படிப் பேசுவது என்பதையெல்லாம் சபாபதிதான் சொல்லிக் கொடுத்தார். அந்த விஷயத்தில் அவருக்கு இரண்டு வருஷ அனுபவம்.

வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அம்சவேணி புடவையில், ஒன்றும் நடக்காதவள்போல, ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். ரயிலில் வரும்போதே சபாபதி கொஞ்சம் கோபத்தைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார். புருஷன் என்று ஒருவன் இருக்கிறானே.

"கள்ளுக்கடைக்குப் போயிருக்க."

"நீங்க போற கடதான. நல்ல கடையாத்தான் இருக்கு. அந்தம்மா நல்ல மாதிரி."

"யாராவது அடையாளம் கண்டிருந்தா?"

"கண்டுக்கிட்டாங்களா?"

"கண்டுக்கிட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

சபாபதியின் கோபம் அங்கேயே தீர்ந்துபோயிற்று. நடந்ததையெல்லாம் சொன்னார். சொல்லும்போது இரண்டு இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்சவேணி கேட்டுக்கொண்டே ரசத்தைத் தாளித்து இறக்கினாள். பிறகு அவர் மினிட்ஸ் புத்தகத்தை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, இங்கிலீஷில் எழுதினார்.

"படிங்க," என்றாள் அம்சவேணி.

அவர் தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தார். "இரண்டாம் ஆண்டு விழாச் சவாரி. இடம், இன்செயின். செக்ரட்டரிக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாத காரணத்தால் அவர் நடந்தே வந்தார். சங்கம் அவரோடு நடந்தது. சாப்பாடு திருப்தி. விபத்து எதுவும் இல்லை."

"அதுல நான் எங்க?"

சபாபதி பேனாவை மைக்கூட்டில் தோய்த்தார். "சாப்பாட்டு ஏற்பாட்டுக்காக ஸ்ரீமதி அம்சவேணி சைக்கிளில் முன்னதாகச் சென்றார்," என்று ஓரத்தில் நுணுக்கி எழுதி, அம்பு போட்டு உள்ளே சேர்த்தார். "இப்பச் சரியா?"

"கடைசி வரி சரியில்ல."

"எது?"

அவள் இடது கையைத் திருப்பிக் காட்டினாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் வழன்று சிவந்திருந்தது. மஞ்சள் அப்பியிருந்தாள். "திரும்பி வாரப்ப, கமாயுட் சந்துல ஒரு எருமமாடு குறுக்க வந்துச்சு. மா தெய்ன் சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகல. நானும் சைக்கிளும் சாக்கடையில. ஒருத்தரும் இல்ல தூக்கிவிட."

சபாபதி அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஊதினார். அவள் போதும் என்றபிறகுதான் விட்டார். பிறகு புத்தகத்தை இழுத்து, 'விபத்து எதுவும் இல்லை' என்பதை ஒரே கோடாக அடித்தார். அதற்குக் கீழே, இருக்கிறதிலேயே அழகான கையெழுத்தில் எழுதினார்.

"விபத்து ஒன்று. ஓட்டியவர் தாமே எழுந்து, தொடர்ந்து ஓட்டிச் சென்றார்."